ட்யூப்லைட் முனைக் கறுப்பிலிருந்து கல்பாக்கம் வரை



2025ஆம் ஆண்டின் இயற்பியல் நோபல் பரிசு ஜான் கிளார்க், மிஷெல் டெவொரே, ஜான் மார்ட்டினிஸ் ஆகிய மூவருக்கும் அறிவிக்கப்பட்டபோது, 'மீக்கடத்தி மின்சுற்று' என்ற சொல் செய்திகளில் அடிபட்டது. பழைய மாணவர் சிலர் போனில் கேட்டார்கள்: "மீக்கடத்தி என்றால் கம்பி, காந்தம் என்றுதானே படித்தோம். அதை வைத்துச் சில்லு எப்படி ஐயா செய்கிறார்கள்?" நல்ல கேள்வி. போனில் சொல்லி முடியாது என்பதால் இங்கே எழுதுகிறேன். கொஞ்சம் நீளம்தான். பொறுமையாகப் படியுங்கள்.

மீக்கடத்தி என்பது, மிகவும் குளிரவைத்தால் மின்தடையை அறவே இழந்துவிடும் பொருள். அதன் வரலாற்றை வழக்கமாகக் கண்டுபிடித்தவர்களின் வரலாறாகத்தான் சொல்வார்கள். அது பாதிக் கதை. கண்டுபிடித்த பொருளைத் தலைமுடியில் சில நூறில் ஒரு பங்கு கனத்துக்கு, அழுக்கில்லாமல், பிசகில்லாமல் படிய வைத்தவர்களின் கதை மீதிப் பாதி. எனக்கு அந்த இரண்டாம் பாதிதான் பிடித்தது. ஏன் என்பதைக் கடைசியில் சொல்கிறேன்.

'படிதல்' என்ற சொல் நம் அரியலூர்க்காரர்களுக்குப் புதிதல்ல. நம் மண்ணே படிவுதான். ஏறத்தாழ பத்துக் கோடி ஆண்டுகளுக்கு முன்பு இங்கே கடல் இருந்தது. சேறும் சிப்பியும் அடுக்கடுக்காகப் படிந்து சுண்ணாம்புக் கல்லாயின. அதைத்தான் வெட்டி சிமென்ட் ஆக்குகிறோம். சுரங்கக் குழியின் சுவரைப் பார்த்தால் ஒவ்வொரு அடுக்கும் தன் காலத்தைச் சொல்லும். கடல் கலங்கியிருந்ததா, தெளிந்திருந்ததா என்பதுகூட அந்த அடுக்கில் தெரியும். ஆய்வகத்தில் படிய வைக்கும் படலமும் அப்படித்தான். படிந்த நேரத்தில் சுற்றிலும் என்ன இருந்ததோ அது உள்ளே போய் உட்கார்ந்துவிடும்.

இனி விஷயத்துக்கு வருவோம். பழைய ட்யூப்லைட்டின் இரண்டு முனைகளும் நாளாக ஆகக் கறுத்துப் போவதைப் பார்த்திருப்பீர்கள். அது வெளித் தூசி அல்ல. துணியால் துடைத்தால் போகாது. கண்ணாடியின் உள்பக்கம் படிந்த கறுப்பு அது. முனையில் இருக்கும் டங்ஸ்டன் சுருளிலிருந்தும் அதன் மேல் பூசிய பொருளிலிருந்தும் கொஞ்சம் ஆவியாகும். கொஞ்சம், குழாய்க்குள் இருக்கும் அயனிகள் வந்து மோதுவதால் தெறித்துப் போகும். இரண்டும் போய்க் கண்ணாடியில் ஒட்டும். அந்த இரண்டாவது வகைக்குப் பெயர்தான் ஸ்பட்டரிங். தமிழில் 'மோதித் தெறித்துப் படிதல்' என்று சொல்லிக்கொள்ளலாம்.

இதை முதலில் கவனித்து எழுதியவர் வில்லியம் ராபர்ட் குரோவ். வேல்ஸ் நாட்டுக்காரர், தொழிலால் வக்கீல், பின்னாளில் நீதிபதி. 1852இல், காற்றை வெளியேற்றிய ஜாடிக்குள் வெள்ளிப் பூச்சுள்ள ஒரு தகட்டின் எதிரே ஓர் ஊசி முனையை வைத்து மின்சாரம் பாய்ச்சினார். தகட்டில் வளைய வளையமாகக் கறை படிந்தது. 1858இல் ஜெர்மனியின் பான் நகரில் பிளூக்கரும், எதிர்மின்வாயின் உலோகம் கண்ணாடிக் குழாயின் சுவரில் போய் ஒட்டுவதைக் குறித்து வைத்தார். குழாயில் ஒளியை ஆராய்கிறவர்களுக்கு அது பெரிய தொல்லை. கண்ணாடி மங்கிவிடும், குழாய் பாழாகும்.

1877இல் அமெரிக்காவில் யேல் பல்கலைக்கழகத்தின் ரைட் என்பவர் அந்தத் தொல்லையை வேலைக்கு வைத்தார். கறை படியத்தான் போகிறது என்றால், வேண்டிய உலோகத்தை வேண்டிய இடத்தில் படிய வைத்தால் என்ன? அப்படியே உலோகப் படலங்களும் கண்ணாடி ஆடிகளும் செய்து காட்டினார்.

உள்ளே நடப்பது என்ன? கேரம் போர்டை நினைத்துக்கொள்ளுங்கள். ஒரு கலத்திலிருந்து காற்றை முழுக்க இறைத்துவிட்டு, கொஞ்சம் ஆர்கான் வாயுவை விடுகிறோம். படிய வைக்க வேண்டிய உலோகத் தகட்டுக்குச் சில நூறு வோல்ட் எதிர்மின் அழுத்தம் கொடுக்கிறோம். ஆர்கான் அணுக்கள் மின்னேற்றம் பெற்று அயனிகளாகித் தகட்டை நோக்கிப் பாயும். அவைதான் ஸ்ட்ரைக்கர். தகட்டிலுள்ள அணுக்கள் காய்கள். அடிபட்ட காய்கள் தெறித்து எதிரே வைத்திருக்கும் சிலிக்கான் வில்லையில் போய் ஒட்டும். அணு மேல் அணுவாகப் படலம் வளரும். இது சூட்டினால் ஆவியாகிப் படிவதா, மோதலால் தெறிப்பதா என்று வெகுகாலம் வாதம் நடந்தது. 1950களில் வேனர் என்பவர் ஒற்றைப் படிகத் தகட்டை வைத்துச் சோதித்தார். அணுக்கள் எல்லாத் திசையிலும் சமமாகப் போகாமல், படிகத்தின் அடுக்குக்கு ஏற்ற திசைகளில் தெறித்துப் புள்ளிக் கோலம் போட்டன. ஆவியானால் அப்படிக் கோலம் விழாது. வாதம் மோதலின் பக்கம் முடிந்தது.

அடுத்து, மீக்கடத்தி. அதற்குக் குளிர் வேண்டும். குளிருக்கு ஹீலியம் வேண்டும். ஹீலியத்தின் கதை நம் பக்கத்திலேயே தொடங்குகிறது. 1868 ஆகஸ்ட் 18 முழு சூரிய கிரகணத்தின்போது பிரெஞ்சுக்காரர் ஜான்சன் ஆந்திரத்தின் குண்டூரில் இருந்தார். நம் மெட்ராஸ் வானாய்வகத்தின் போக்சன் மசூலிப்பட்டினம் போயிருந்தார். அந்த ஆண்டு சூரிய ஒளியில் கண்ட, எந்தத் தனிமத்துக்கும் பொருந்தாத மஞ்சள் கோடுதான் ஹீலியத்தின் முதல் தடயம். 1895இல் ராம்சே அதைப் பூமியிலேயே ஒரு கனிமத்தில் கண்டார். 1908 ஜூலை 10இல் ஹாலந்தின் லைடன் நகரில் காமர்லிங் ஓனஸ் அதைத் திரவமாக்கினார். அவருக்கு வேண்டிய ஹீலியம் மோனசைட் மணலிலிருந்து வந்தது. நம் மணவாளக்குறிச்சிக் கடற்கரையில் கிடைக்கிற அதே வகை மணல்தான். அவருக்கு அது அமெரிக்காவிலிருந்து போயிற்று.

1911 ஏப்ரலில் அதே லைடனில், பாதரசம் 4.2 கெல்வின் அளவில், அதாவது மைனஸ் 269 டிகிரி செல்சியஸில், மின்தடையை இழந்தது. ஓனஸுக்கு 1913இல் நோபல் பரிசு. இங்கே ஒரு செய்தியை நிறுத்திச் சொல்ல வேண்டும். ஓனஸ் ஹீலியத்தைத் திரவமாக்குவதற்குப் பல ஆண்டுகள் முன்பே கருவி செய்யும் தொழிலாளருக்கு ஒரு பயிற்சிப் பள்ளியை அமைத்துவிட்டார். அங்கே படித்த பையன்கள் நீலக் கோட்டு போட்டுக்கொண்டு ஆய்வகத்தில் வேலை செய்தார்கள். குளிர்க்கலத்தைக் கட்டியவர் ஃபிளிம். கண்ணாடி ஊதியவர் கெசல்ரிங். அளவெடுக்கும் வேலையைச் செய்தவர் ஹோல்ஸ்ட். இவர்கள் பெயர் நம் பாடப் புத்தகத்தில் இல்லை. அந்தப் பள்ளி இன்றும் லைடனில் நடக்கிறது.

நம் நாட்டுக்குத் திரவ ஹீலியம் 1950களின் தொடக்கத்தில் டெல்லி தேசிய இயற்பியல் ஆய்வகத்தில் வந்தது. அப்போது அதன் இயக்குநர் கே.எஸ். கிருஷ்ணன், நம் வத்திராயிருப்பில் பிறந்தவர்.

சரி, கறைபடிதலும் குளிரும் எங்கே சந்தித்தன? நியோபியம் என்ற உலோகத்தில். தனிமங்களில், சாதாரண அழுத்தத்தில் மிக உயர்ந்த வெப்பநிலையிலேயே மீக்கடத்தியாகிவிடுவது அதுதான்: 9.2 கெல்வின். ஆனால் அதற்கு ஒரு கெட்ட பழக்கம். ஆக்சிஜன் எங்கே கிடைத்தாலும் விழுங்கிவிடும். நூறு அணுக்களுக்கு ஒரு ஆக்சிஜன் அணு கலந்தாலே மீக்கடத்தும் வெப்பநிலை ஏறத்தாழ 1 கெல்வின் இறங்கிவிடும். ஒன்பதில் ஒன்று போனால் என்ன மிச்சம்! ஆகவே கலத்தை வெறுமையாக்குவதில்தான் எல்லாம் இருக்கிறது. பம்ப் மணிக்கணக்காக ஓட வேண்டும். விரல் ரேகை ஒன்று உள்ளே பட்டிருந்தாலும் அதிலிருந்து ஆவி வந்துகொண்டே இருக்கும். ஆர்கான் அழுத்தம் சற்றுப் பிசகினால் படலத்துக்குள் இறுக்கமோ இழுவையோ உண்டாகி, சுண்ணாம்பு அடித்த சுவர்போல உரிந்து வரும்.

இந்தப் பொறுமைக்கு 1973இல் பெரிய பலன் கிடைத்தது. நியோபியமும் ஜெர்மானியமும் மூன்றுக்கு ஒன்றாகச் சேர்ந்த சேர்மத்தை உருக்கிக் கட்டியாகச் செய்தால் 7 கெல்வின் வாக்கில்தான் மீக்கடத்தியானது. உருகியதைத் திடீரெனக் குளிரவைத்தபோது 17 வரை ஏறியது. காரணம், அணுக்கள் சரியான விகிதத்திலும் ஒழுங்கிலும் உட்கார மறுத்தன. அமெரிக்காவின் வெஸ்டிங்ஹவுஸ் ஆய்வகத்தில் ஜான் கவாலர் அதையே ஸ்பட்டரிங் முறையில் படலமாகப் படிய வைத்தார். ஆர்கான் அழுத்தத்தைக் கூட்டிவைத்தார். தெறித்த அணுக்கள் வழியில் வாயுவோடு மோதி வேகம் தணிந்து, மெதுவாக வந்து இறங்கி, தத்தம் இடத்தில் அமர்ந்தன. கிடைத்தது 22.3 கெல்வின். சில மாதங்களில் பெல் ஆய்வகத்தினர் அதே வழியில் 23.2 வரை கொண்டுபோனார்கள். அதன்பின் 1986 வரை உலகில் எவரும் அதை மிஞ்சவில்லை. யோசித்துப் பாருங்கள்: புதிய தனிமம் எதுவும் இல்லை. ஏற்கெனவே தெரிந்த சேர்மத்தைச் சரியாகப் படிய வைத்ததே பதின்மூன்று ஆண்டுக்கால உலக சாதனையாக நின்றது.

சில்லுக்கு வருகிறேன். 1962இல் கேம்பிரிட்ஜில் 22 வயது மாணவர் பிரையன் ஜோசப்சன் ஒரு கணக்குப் போட்டார். இரண்டு மீக்கடத்திகளுக்கு நடுவே மிக மெல்லிய மின்கடத்தாப் படலம் இருந்தாலும், எந்த மின்னழுத்தமும் இல்லாமலே அதன் ஊடே மின்னோட்டம் பாயும் என்றார். மறு ஆண்டே ஆண்டர்சனும் ரோவெலும் அதைச் செய்து காட்டினார்கள். 1964இல் ஃபோர்டு கார் நிறுவனத்தின் ஆய்வகத்தில் அப்படிப்பட்ட இரண்டு சந்திகளை ஒரு வளையத்தில் வைத்து, காந்தப் புலத்தை மிக நுட்பமாக அளக்கும் கருவி செய்தார்கள். அதன் சுருக்கப் பெயர் ஸ்குவிட். 2025 நோபல் பரிசுக்குக் காரணமான சோதனையும் இத்தகைய ஜோசப்சன் சந்தி ஒன்றில்தான் நடந்தது.

கணக்கு சரி, கைவேலைதான் சிக்கல். ஆரம்பத்தில் சந்திகளை ஈயக் கலவையில் செய்தார்கள். ஈயம் மென்மையானது. ஹீலியத்தில் குளிரவைத்து, வெளியே எடுத்து, மறுபடி குளிரவைத்தால் சுருங்கி விரிந்து சந்தி செத்துப்போகும். இத்தகைய சந்திகளால் கணினி கட்ட ஐபிஎம் நிறுவனம் எடுத்த பெருமுயற்சி 1983இல் நிறுத்தப்பட்டது. அதே 1983இல் பெல் ஆய்வகத்தில் குர்விச்சும் அவருடைய தோழர்களும் ஒரு வழி கண்டார்கள். முதலில் நியோபியம். அதன் மேல் சில நானோமீட்டர் அலுமினியம். அது நியோபியத்தின் மேல் எண்ணெய் பரவுவதுபோல் இடைவெளியின்றிப் பரவும். கலத்துக்குள் அளவாக ஆக்சிஜன் விட்டால் அலுமினியத்தின் மேல்பரப்பு மட்டும் ஆக்சைடாகும்; கனம் ஒன்றிரண்டு நானோமீட்டர், சில அணுக்கள்தான். அதன் மேல் மறுபடி நியோபியம். இட்லிப் பானையை நடுவில் திறந்து பார்ப்பதுபோல் இதில் பார்க்கக் கூடாது. மூன்று அடுக்கும் முடியும்வரை கலம் திறக்கப்படக் கூடாது. நியோபியத்தின் பகைவனான ஆக்சிஜனையே அளவறிந்து வேலைக்காரனாக்கிய உத்தி இது. இப்படிச் செய்த சந்திகள் பலமுறை குளிரவைத்தாலும் சாகவில்லை.

1986இல் பெட்னார்ஸும் முல்லரும் தாமிர ஆக்சைடு வகையில் 30 கெல்வினுக்கு மேல் மீக்கடத்தலைக் கண்டார்கள். 1987 தொடக்கத்தில் இட்ரியம், பேரியம், தாமிரம், ஆக்சிஜன் சேர்ந்த பீங்கான் போன்ற பொருள் 93 கெல்வினைத் தொட்டது. மலிவான திரவ நைட்ரஜனின் 77 கெல்வினுக்கு மேலே! நம் நாட்டில் பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் சி.என்.ஆர். ராவ் குழு முதல் கல்பாக்கம் வரை எல்லோரும் இறங்கினார்கள். ஆனால் கட்டியாகச் செய்த பீங்கானில் அதிக மின்னோட்டம் பாயவில்லை. மணிமணியான துகள்களின் எல்லைகளில் மின்னோட்டம் திணறியது. அந்த ஆண்டே ஐபிஎம்மில் பிரவீன் சௌத்ரி தலைமையிலான குழு, ஒழுங்காக வளர்ந்த படலத்தில் 77 கெல்வினில் ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 1 லட்சம் ஆம்பியருக்கு மேல் பாயும் என்று காட்டியது. அவர் லூதியானாவில் பிறந்து கரக்பூர் ஐஐடியில் படித்தவர். டி. வெங்கடேசன் இடம்பெற்ற அமெரிக்கக் குழு லேசர் துடிப்பால் பெயர்த்துப் படிய வைக்கும் முறையைக் கொண்டுவந்தது.

ஸ்பட்டரிங் மட்டும் இந்தப் பொருளிடம் முதலில் தடுமாறியது. இலக்குத் தகட்டிலிருந்து கிளம்பும் எதிர்மின் ஆக்சிஜன் அயனிகள் நேரே பாய்ந்து, வளர்ந்துகொண்டிருக்கும் படலத்தையே கொத்திப் பெயர்த்தன. கட்டிய சுவரை, கட்டுகிறவனே இடிப்பதுபோல. கலவை விகிதம் கெட்டது. தீர்வு எளிமையானது: வில்லையை இலக்குக்கு நேர் எதிரே வைக்காமல் 90 டிகிரி பக்கவாட்டில் வைத்தார்கள். நேராகப் பாயும் அயனிகள் தாண்டிப் போய்விடும். வாயுவில் மோதித் திசை மாறி வரும் அணுக்கள் மட்டும் வந்து படியும். 1980களின் முடிவில் ஸ்டான்ஃபோர்டில் இதை நன்றாகச் செய்து காட்டினார்கள்.

நம் கல்பாக்கத்துக்கு வருவோம். 1971இல் அணு உலை ஆராய்ச்சி மையமாகத் தொடங்கி, 1985இல் இந்திரா காந்தி பெயர் பெற்ற மையம் அது. அணு உலை என்றுதான் நமக்கெல்லாம் தெரியும். அங்கே டி.எஸ். ராதாகிருஷ்ணன், ஒய். ஹரிஹரன், எம்.பி. ஜனவாட்கர் முதலியோர் இருந்த குழு, நியோபியம், அலுமினியம் ஆக்சைடு, நியோபியம் என்ற அந்த மூவடுக்கைத் தாங்களே படிய வைத்து, ஒளி அச்சு முறையில் வடிவம் வெட்டி, ஸ்குவிட் கருவிகளைச் செய்தது. அதைக் குளிர்க்கலத்தில் பொருத்தி, மின்னணுச் சுற்றும் தாங்களே அமைத்தார்கள். 1999இல் 'கரன்ட் சயின்ஸ்' இதழில் இதை விளக்கி எழுதினார்கள். உலோகத்தின் உள்ளே மறைந்திருக்கும் குறைகளைத் தேடவும் உடலின் காந்தப் புலத்தை அளக்கவும் கருவிகள் அதிலிருந்து பிறந்தன.

உடலுக்குக் காந்தப் புலமா என்று கேட்பீர்கள். இதயம் துடிக்க மின்சாரம் ஓடுகிறது. மின்சாரம் ஓடும் இடத்தில் காந்தப் புலம் உண்டு. எட்டாம் வகுப்பில் திசைகாட்டி முள்ளின் பக்கத்தில் கம்பியை வைத்துப் பார்த்தோமே, அதே விதி. ஆனால் இதயத்தின் காந்தப் புலம் பூமியின் காந்தப் புலத்தில் ஏறத்தாழ பத்து லட்சத்தில் ஒரு பங்கு. மூளையினுடையது அதைவிட நூறு மடங்கு, அதற்கும் மேல் குறைவு. பக்கத்துச் சாலையில் ஒரு லாரி போனாலே அளவு கலைந்துவிடும். அதனால் மியூமெட்டல் என்ற உலோகக் கலவையும் அலுமினியமும் அடுக்கிக் கட்டிய தனி அறை வேண்டும். அந்த அறையில் படுத்திருப்பவரின் மார்பின் மேல், உடலைத் தொடாமலே, ஊசி இல்லாமல், ஒயர் ஒட்டாமல், இதயத்தின் காந்தத் துடிப்பைப் பதிவு செய்கிறார்கள். உலகில் முதலில் 1970 வாக்கில் ஸ்குவிட் கொண்டு டேவிட் கோஹன் முதலியோர் அமெரிக்காவில் இதைச் செய்தார்கள். அதே வேலையைப் பின்னாளில் நம் கடற்கரையிலேயே, இங்கேயே படிய வைத்த படலத்தைக் கொண்டு செய்தார்கள்.

ஒரு குறையையும் சொல்ல வேண்டும். நியோபியம் வேலை செய்யத் திரவ ஹீலியம் வேண்டும். நம் நாடு ஹீலியத்தைப் பெரும்பாலும் வெளியிலிருந்துதான் வாங்குகிறது. மயிலாடுதுறைப் பக்கம் குத்தாலத்தில் எண்ணெய் நிறுவனத்தின் எரிவாயு நிலையத்தில், இயற்கை எரிவாயுவிலிருந்து ஹீலியம் பிரிக்க ஒரு சோதனை ஆலையை அணுசக்தித் துறையினர் அமைத்தார்கள். நம் டெல்டா மண்ணின் அடியில் வரும் வாயுவிலும் அது சிறிதளவு இருக்கிறது. ஆனால் சிறிதளவுதான். கருவி நம் கையால் செய்ததாக இருந்தாலும், குளிர் கடல் கடந்து வரவேண்டிய நிலை. எல்லா மாவட்ட மருத்துவமனையிலும் இந்தக் கருவி இல்லாததற்கு இதுவும் ஒரு காரணம்.

இந்தக் கதையின் இரண்டாம் பாதி ஏன் பிடித்தது என்று சொல்வதாகச் சொன்னேன். நம் பள்ளியில் படித்தவர்களில் நிறையப் பேர் ஐடிஐ, பாலிடெக்னிக் முடித்து ஸ்ரீபெரும்புதூரிலும் ஓசூரிலும் வேலை பார்க்கிறீர்கள். கண்ணாடிக்குப் பூச்சு, கருவிக்குப் பூச்சு, சில்லுப் பலகை என்று ஏதோ ஒரு கலத்தின் முன் நிற்கிறீர்கள். என்ன வேலை என்று கேட்டால் "சும்மா மெஷின் ஓட்டுறேன் ஐயா" என்று குரலைத் தாழ்த்திச் சொல்கிறீர்கள். அந்தத் 'சும்மா' எனக்கு உறுத்துகிறது. கையுறை போடாமல் தொடக் கூடாது என்பதும், அழுத்தமானி இறங்கும்வரை காத்திருக்க வேண்டும் என்பதும், அவசரப்பட்டுக் கலத்தைத் திறந்தால் ஒரு நாள் உழைப்பு பாழாகும் என்பதும் படித்துத் தெரிந்துகொள்ளும் அறிவுக்குச் சற்றும் குறைந்ததல்ல. கவாலர் சாதனை படைத்ததும், ஐபிஎம் கைவிட்ட ஆண்டிலேயே குர்விச் வழி கண்டதும், கல்பாக்கத்தார் இதயத்தின் துடிப்பைப் பதிவு செய்ததும் இந்த அறிவினால்தான்.

இது புரிந்திருந்ததால்தான் ஓனஸ் முதலில் தொழிற்பள்ளி கட்டினார். நம் மாவட்டத்தில் பிள்ளை ஐடிஐ சேர்ந்தால் 'வேற வழியில்லாமப் போனான்' என்று பேசுகிற வழக்கம் இன்னும் இருக்கிறது. பெற்றோராகிவிட்ட என் மாணவர்கள் அந்தப் பேச்சை வீட்டில் நிறுத்துங்கள். பூச்சுக் கலத்தில் வேலை பார்க்கிறவர்கள், அடுத்த முறை ஊருக்கு வரும்போது தெருப் பிள்ளைகளை உட்காரவைத்து, உங்கள் கலத்தில் என்ன நடக்கிறது என்று கேரம் போர்டை வைத்துச் சொல்லிக் கொடுங்கள். எனக்கும் ஒரு சேதி அனுப்புங்கள். நானும் வந்து உட்கார்ந்து கேட்கிறேன்.

எல்லோரும் நலமாக இருங்கள்.

அன்புடன்,
உங்கள் ஐயா
அரியலூர்